8 ஜி.பி. லெப்டொப்புக்குள் ஒரு ஒர்கெஸ்ட்ரா: லைப்ரரி தெரிவு செய்கிறவர்களுக்கு

மலையகத்தில் வீட்டிலிருந்து பாட்டு செய்கிறவர்களிடம் பொதுவாக இருக்கும் சாமான் இவ்வளவுதான்: 8 ஜி.பி. ரேம் உள்ள ஒரு லெப்டொப், பேண்டுக்காக வாங்கிய ஒரு யமஹா கீபோர்ட், ஒரு ஹெட்போன், மழை வந்தால் மெதுவாகிவிடும் ஒரு 4ஜி ரவுட்டர். இதை வைத்துக்கொண்டு யூடியூபில் "சிறந்த ஒர்கெஸ்ட்ரா லைப்ரரி" என்று தேடினால், 64 ஜி.பி. ரேமோடு சினிமாவுக்கு வேலை செய்கிறவருக்கான பதில்தான் வரும். அவருக்கு அது சரி. பொகவந்தலாவையில் ஒரு தோட்டத்து அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது உதவாது. ஆகவே தலைகீழாகப் போவோம். முதலில் மெஷின், பிறகு டேட்டா, பிறகு உங்கள் பாட்டில் வயலினுக்கு என்ன வேலை என்பது. லைப்ரரியின் பெயர் கடைசியில்.

அதற்கு முன் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். ஒர்கெஸ்ட்ரா லைப்ரரி என்றால் இரண்டு பகுதி. ஒன்று, உண்மையான கலைஞர்கள் ஒவ்வொரு ஸ்வரமாக வாசித்துப் பதிவு செய்த சாம்பிள்கள். மற்றது, அவற்றை எடுத்து வாசிக்கும் பிளேயர். லைப்ரரி செய்யும் நிறுவனங்களில் ஸ்பிட்ஃபயருக்கும் ஈஸ்ட்வெஸ்டுக்கும் சொந்தப் பிளேயர் உண்டு. ஒர்கெஸ்ட்ரல் டூல்ஸின் பிளேயர் சைன். வேறு பலர் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கொன்டாக்டை நம்பியிருக்கிறார்கள். கொன்டாக்ட் பிளேயர் இலவசம், முழுக் கொன்டாக்ட் காசு. முழுக் கொன்டாக்ட் கேட்கும் லைப்ரரியை இலவசப் பிளேயரில் திறந்தால் 15 நிமிடத்தில் டெமோ முடிந்து சத்தம் நின்றுவிடும். பலர் லைப்ரரி கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பது இங்கேதான். வாங்கும் பக்கத்தில் "இலவசப் பிளேயரில் ஓடும்" என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மெஷின்: ரேமை விட டிஸ்க்

8 ஜி.பி.யில் விண்டோஸும் ரெக்கோர்டிங் சொஃப்ட்வெயாரும் பாதியைப் பிடித்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் 4 ஜி.பி.யில்தான் ஒர்கெஸ்ட்ரா உட்கார வேண்டும். ஆனால் பலரை நிறுத்துவது ரேம் இல்லை, சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். பிளேயர் ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை வாசிக்கும்போதே டிஸ்கிலிருந்து இழுக்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ சாம்பிள் ஒன்று நொடிக்கு 288 கிலோபைட் கேட்கும். முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செலோ, டபுள் பேஸ் என ஐந்து பிரிவு ஒரு கோர்ட் பிடிக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றும் மூன்று இடத்து மைக்கில் பதிவானது, ஒவ்வொரு மைக்குக்கும் மென்மை முதல் பலம் வரை மூன்று அடுக்கு. 45 குரல்கள் ஆயிற்று. கணக்கில் நொடிக்கு 13 எம்.பி.தான். எந்தப் பழைய டிஸ்கும் அதைத் தரும். சிக்கல் என்னவென்றால், அந்த 13 எம்.பி. 45 வெவ்வேறு இடங்களில் கிடக்கிறது. சுழலும் டிஸ்கின் ஊசி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக ஏறக்குறைய 10 மில்லிசெக்கன் எடுக்கும். அதனால்தான் "டிக் டிக்" என்ற வெடிப்பு, பாதியில் அறுந்துபோகும் ஸ்வரம் எல்லாம்.

எனவே லைப்ரரிக்குச் சேர்த்த காசில் முதலில் ஓர் எஸ்.எஸ்.டி., அதாவது சுழலும் பாகம் இல்லாத டிஸ்க், வாங்குங்கள். லெப்டொப்புக்குள் மாற்ற முடியாவிட்டால் வெளியே செருகும் எஸ்.எஸ்.டி.யும் போதும்; ஆனால் அதை யூ.எஸ்.பி. 3 துளையில் குத்த வேண்டும். பழைய யூ.எஸ்.பி. 2 துளையில் குத்தினால் வேகம் நொடிக்கு 40 எம்.பி.யைத் தாண்டாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபோர்மெட் செய்யுங்கள். ஃபேட்32இல் 4 ஜி.பி.யை விடப் பெரிய ஒற்றைக் கோப்பு ஏறாது. டவுன்லோட் முடியும் நேரத்தில் காரணம் புரியாத எரர் வரும். லைப்ரரி வைக்கும் ஃபோல்டருக்குத் தமிழிலோ சிங்களத்திலோ பெயர் வைக்காதீர்கள். சில பிளேயர்கள் அந்த எழுத்துகளைக் கண்டால் சாம்பிள் இல்லை என்று அடம்பிடிக்கும்.

ரேமை மிச்சப்படுத்த மூன்று வழி. முதலாவது, மைக் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைப்பது. "மிக்ஸ்" என்றோ "ட்ரீ" என்றோ இருப்பதே போதும். இரண்டாவது, கொன்டாக்டில் பர்ஜ். எல்லாச் சாம்பிளையும் ரேமிலிருந்து இறக்கிவிட்டுப் பாட்டை ஒருமுறை ஓட்டினால், வாசிக்கப்பட்ட ஸ்வரங்கள் மட்டும் திரும்ப ஏறும். மூன்றாவது, முடிந்த டிரெக்கை ஃப்ரீஸ் செய்வது. ரீப்பர் என்ற ரெக்கோர்டிங் சொஃப்ட்வெயாரில் டிரெக்கில் வலது கிளிக் செய்து ஸ்டீரியோவாக ஃப்ரீஸ் கொடுத்தால் அது ஓடியோ ஆகி, லைப்ரரி ரேமை விட்டுப் போய்விடும். திருத்த வேண்டுமானால் அன்ஃப்ரீஸ். 8 ஜி.பி. மெஷினில் ஐந்து பிரிவையும் ஒரே நேரத்தில் உயிரோடு வைக்க ஆசைப்படுவதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றாக முடித்து ஃப்ரீஸ் செய்யப் பழகினாலே பெரிய லைப்ரரியும் ஓடும்.

ரீப்பரைச் சொல்லக் காரணம் உண்டு. டவுன்லோட் மிகச் சிறியது, 60 நாள் பார்த்துவிட்டு வாங்கலாம், தனியாளுக்கான உரிமம் 60 டொலர்.

டேட்டா

ஸ்பிட்ஃபயரின் பி.பி.சி. சிம்பொனி ஒர்கெஸ்ட்ராவை எடுத்துக்கொண்டால் கணக்கு எளிதாக விளங்கும். லண்டன் மைடா வேல் ஸ்டூடியோவில் பதிவு செய்து 2019இல் வெளிவந்தது. இன்று மூன்று பதிப்பாக இருக்கிறது. டிஸ்கவர் 200 எம்.பி. அளவுதான், இலவசம். கோர் 30 ஜி.பி.க்குள். புரொஃபஷனல் ஏறக்குறைய 600 ஜி.பி. இணைய வேகம் 10 எம்.பி.பி.எஸ். நிலையாகக் கிடைத்தால் கோர் ஏழு மணி நேரத்துக்குள் இறங்கும். புரொஃபஷனலுக்கு இடைவிடாமல் ஐந்தரை நாள் வேண்டும். நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் இரவு டேட்டாவை மட்டும் நம்பி இறக்குகிறவருக்கு கோர் ஓரிரு இரவு வேலை, புரொஃபஷனல் பல மாத பெக்கேஜ்.

இரவில் ஓடவிட்டுத் தூங்குவதானால் லெப்டொப் ஸ்லீப்புக்குப் போகாதபடி பவர் செட்டிங்கை மாற்றுங்கள். வெறும் பிரவுசரில் இறக்காமல் நிறுவனத்தின் டவுன்லோட் எப்பில் இறக்குங்கள்; கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சில லைப்ரரிகள் சுருக்கிய கோப்பாக வந்து பிறகு விரிவதால், நிறுவும் நேரத்தில் இரண்டு மடங்கு இடம் கேட்கும். 30 ஜி.பி.க்கு 60 ஜி.பி. காலியாக இருக்கட்டும். ஹட்டனிலோ நுவரெலியா டவுனிலோ ஃபைபர் உள்ள உறவினர் வீடு இருந்தால், உங்கள் லெப்டொப்பையும் எஸ்.எஸ்.டி.யையும் கொண்டுபோய் அங்கே இறக்குவதே சுகம். மெஷின் மாறினாலும் சாம்பிளைத் திரும்ப இறக்கத் தேவையில்லை: ஃபோல்டரைக் கொப்பி செய்து, பிளேயரில் இடத்தைக் காட்டிவிட்டால் போதும். உரிமத்தை உறுதி செய்ய மட்டும் சிறிது நேரம் இணையம் வேண்டும்.

இந்த விஷயத்தில் சைன் பிளேயரின் ஏற்பாடு மலைநாட்டுக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. ஒர்கெஸ்ட்ரல் டூல்ஸின் பல தொகுப்புகளில் முழுத் தொகுப்பையும் வாங்காமல் ஒற்றை வாத்தியத்தை வாங்கலாம். இறக்கும்போதும் தேவையான மைக்கை மட்டும் தெரிவு செய்யலாம். ஒரு பாட்டுக்கு ஓபோ மட்டும் வேண்டுமென்றால் ஓபோவுக்கு மட்டுமே காசும் டேட்டாவும்.

வயலின் எப்படி நகர்கிறது

இனித்தான் உண்மையான தெரிவு. டெமோவில் எல்லா லைப்ரரியும் பிரமாதமாகத்தான் இருக்கும், ஏனென்றால் டெமோ போடுகிறவர் அந்த லைப்ரரிக்கு எது வருமோ அதைத்தான் எழுதுவார். டிரம்ஸ் அதிர, பிராஸ் முழங்க, ஸ்ட்ரிங்ஸ் "டக டக டக" என்று ஓடும். நம் பாட்டில் ஸ்ட்ரிங்ஸுக்கு வேறு வேலை. பல்லவி முடிந்ததும் பத்து வயலின் ஒன்றாகச் சேர்ந்து ஒரு மெட்டைப் பாட வேண்டும், இழுத்து, வளைத்து, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கி. சென்னை ஸ்டூடியோக்களின் வயலின் குழுவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அதுதான் ஒர்கெஸ்ட்ரா. ஆகவே ஒரு லைப்ரரியை எடைபோட நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: லெகாட்டோ எப்படி இருக்கிறது. அதாவது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அந்த நகர்வையே தனியாகப் பதிவு செய்திருக்கிறார்களா, அல்லது இரண்டு தனி ஸ்வரத்தைப் பக்கத்தில் வைத்திருக்கிறார்களா?

டிஸ்கவரில் லெகாட்டோ இல்லை. நீண்ட ஸ்வரம், ஸ்பிக்காட்டோ (வில்லைத் துள்ளவிட்டு வாசிக்கும் குட்டை ஸ்வரம்), பிட்சிக்காட்டோ (விரலால் மீட்டுவது), ட்ரெமலோ (வில்லை வேகமாக நடுக்குவது) இருக்கும். பின்னணியில் கோர்ட் பிடிக்கவும், முப்பதுக்கு மேற்பட்ட வாத்தியங்களை வைத்து எழுதப் பழகவும் அதைவிட நல்ல இலவசப் பொருள் கிடையாது. இன்னொரு வசதி, டிஸ்கவரில் செய்த பாட்டைப் பின்னால் கோரிலோ புரொஃபஷனலிலோ அப்படியே திறக்கலாம். ஆனால் தனி மெட்டை அதில் வாசித்தால் ஹார்மோனியம் மாதிரி ஸ்வரம் ஸ்வரமாக வெட்டிக்கொண்டு வரும். கோரில் லெகாட்டோ உண்டு. 200 எம்.பி.க்கும் 30 ஜி.பி.க்கும் இடையே நீங்கள் காசு கொடுப்பது முக்கியமாக அதற்குத்தான்.

லெகாட்டோவுக்கு ஒரு விலை இருக்கிறது: தாமதம். கொன்டாக்டில் ஓடும் சினிமெட்டிக் ஸ்டூடியோ ஸ்ட்ரிங்ஸ் இதற்கு நல்ல உதாரணம். மெதுவாக அழுத்தினால் நகர்வு 333 மில்லிசெக்கன் எடுக்கும், நடுத்தரத்தில் 250, வேகமாக அழுத்தினால் 100. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓர் அடி 500 மில்லிசெக்கன். அப்படியானால் மெதுவான லெகாட்டோ முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிந்தி வருகிறது. தப்பும் உறுமியும் அடியில் விழ, வயலின் மட்டும் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். பலர் இதைத் தங்கள் வாசிப்பின் பிழை என்று எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ரெக்கோர்ட் செய்வார்கள். வாசித்த ஸ்வரங்களை அவ்வளவு மில்லிசெக்கன் முன்னால் நகர்த்துவதுதான் மருந்து. ரீப்பரில் டிரெக்கின் பிளேபெக் ஒஃப்செட்டில் கழித்தல் எண் கொடுக்கலாம். ஆனால் சிறிய ஸ்வரங்களுக்குத் தாமதம் வேறு என்பதால், லெகாட்டோவை ஒரு டிரெக்கிலும் ஸ்டக்காட்டோவை இன்னொரு டிரெக்கிலும் வைத்தால்தான் ஒரே எண் சரிவரும். வேகமான ஓட்டங்களில் லெகாட்டோ குழைந்துபோகும். அதே ஸ்வரங்களை ஸ்பிக்காட்டோவிலும் கொப்பி செய்து, சத்தத்தைப் பாதிக்குக் கீழே குறைத்து அடியில் போட்டால் ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாகக் கேட்கும்.

அடுத்தது கமகம். மோகனம், ஹம்சத்வனி மாதிரியான மெட்டுகளில் பெரும்பாலும் நேர் ஸ்வரங்களை வைத்து ஒப்பேற்றலாம்; நல்ல லெகாட்டோ இருந்தால் கேட்க இதமாக இருக்கும். தோடியில் காந்தாரத்தை ஆட்டாமல் வைத்தால் அது தோடியே இல்லை. வீலைப் பிடித்து பிட்ச் பெண்ட் செய்தால் என்ன ஆகும்? சாம்பிளோடு சேர்ந்து பதிவான வைப்ராட்டோவும் அறையின் எதிரொலியும் கூடவே வளையும். உண்மையில் அறை வளையாது. அதனால் காது உடனே பொய்யைக் கண்டுபிடிக்கும். அரை ஸ்வரத்துக்குள் என்றால் தாங்கும், முழு ஸ்வரம் போனால் தலை சுற்றும்.

இதற்குச் சரியான கருவி சாம்பிள் இல்லாத வாத்தியம். ஓடியோ மொடலிங் நிறுவனத்தின் ஸ்வாம் வயலின் தந்தியையும் வில்லையும் கணக்கில் உருவாக்குகிறது. டிஸ்கில் இடம் சொற்பம், 4ஜிக்கு வரப்பிரசாதம். பதிலுக்கு ப்ரொசெசரை உறிஞ்சும். கமகம் எவ்வளவு வளைந்தாலும் உடையாது. ஆனால் குறை ஒன்று: தனி வயலின் என்றால் அருமை, அதையே பத்து வயலினாகப் பெருக்கினால் சாம்பிளின் கனம் வராது. ஆகவே இரண்டையும் சேர்ப்பதே வழி. குழு லைப்ரரி நேர் ஸ்வரங்களை மட்டும் பிடிக்கட்டும், மேலே ஒற்றை ஸ்வாம் வயலின் முழுக் கமகத்தோடு அதே மெட்டை வாசிக்கட்டும். காது முன்னால் இருக்கும் வயலினைப் பின்தொடரும், பின்னால் இருப்பவர்களும் வளைத்ததாகவே நம்பும். ஆடும் ஸ்வரம் வரும் இடங்களில் குழுவின் சத்தத்தைக் கொஞ்சம் இறக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் இரண்டும் உரசி அபசுரம் கேட்கும். ஸ்வாமை முதன்முதல் திறந்ததும் சத்தமே வராது. பழுது இல்லை, எக்ஸ்பிரெஷன் என்ற கட்டுப்பாட்டை நகர்த்தினால்தான் ஒலிக்கும்.

கீபோர்டும் சி.சி.யும்

அந்த எக்ஸ்பிரெஷன் விஷயம்தான் அடுத்த தடை. சி.சி. என்பது வீல், ஃபேடர் போன்றவை லைப்ரரிக்கு அனுப்பும் கட்டுப்பாட்டுச் செய்தி; ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பெரும்பாலான லைப்ரரிகளில் சி.சி.1, அதாவது மொடுலேஷன் வீல், மென்மையிலிருந்து பலத்துக்கு அடுக்கை மாற்றும். ஒலியின் நிறமே மாறும். சி.சி.11 வெறும் சத்த அளவு. நீண்ட ஸ்வரத்தில் விசையை எவ்வளவு பலமாக அடித்தாலும் பல லைப்ரரிகளில் பலன் இல்லை. சி.சி.1ஐத் தொடாமல் விட்டால் எவ்வளவு விலை கொடுத்த லைப்ரரியும் ஒரே மட்டத்தில் கிடக்கும். இலவசமானதை வீலோடு வாசித்தது, விலையுயர்ந்ததை வீல் இல்லாமல் வாசித்ததை வென்றுவிடும்.

யமஹா பி.எஸ்.ஆர். வகைக் கீபோர்ட் இருந்தால் பின்னால் "யூ.எஸ்.பி. டு ஹோஸ்ட்" துளை இருக்கிறதா என்று பாருங்கள். பிரின்டர் வயர்தான் அதற்கும். லோக்கல் கண்ட்ரோலை ஓஃப் செய்யாவிட்டால் கீபோர்டின் சொந்தச் சத்தமும் சேர்ந்து வரும். ஸ்டைல் ஓடிக்கொண்டிருந்தால் அதன் ஸ்வரங்களும் ரெக்கோர்ட் ஆகிவிடும். இந்த வகையில் சில மொடல்களுக்கு மொடுலேஷன் வீல் கிடையாது. அப்போது கோர்க் நானோகண்ட்ரோல் மாதிரி ஃபேடர்கள் உள்ள சிறு பெட்டி ஒன்றை வாங்கி, முதல் ஃபேடருக்கு சி.சி.1, அடுத்ததற்கு சி.சி.11 என்று கொடுங்கள். வலது கையால் மெட்டு, இடது கையால் இரண்டு ஃபேடர். புதிதாகக் கீபோர்ட் வாங்குகிறவர்கள் 25 விசையைத் தவிர்த்து 49க்குப் போகலாம்: வாசிப்பு முறையை மாற்றும் கீஸ்விட்ச்கள் வாத்தியத்தின் எல்லைக்கு வெளியே இருப்பதால், இரண்டு ஒக்டேவில் ஒவ்வொரு முறையும் ஒக்டேவ் பட்டனைத் தேட வேண்டிவரும்.

நாதஸ்வரத்தோடு சேர்க்கும்போது

லைப்ரரிகள் மேலைத்தேய சுருதி அளவான 440 ஹெர்ட்ஸுக்கு ஒட்டி இருக்கும். நாதஸ்வரமோ பழைய ஹார்மோனியமோ அங்கே நிற்காது. ரெக்கோர்ட் செய்த நாதஸ்வரத்தை 440க்கு இழுத்தால் அதன் குரல் கெடும். லைப்ரரியை நகர்த்துவதே மரியாதை. 443க்குப் போக ஏறக்குறைய 12 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூட்ட வேண்டும். கொன்டாக்டில் மாஸ்டர் ட்யூனில் அதைச் செய்யலாம். வாங்கும் முன் பிளேயரில் ட்யூன் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய காரணம் இதுதான்.

எதிரொலியையும் கவனியுங்கள். பெரிய மண்டபத்தில் பதிவான ஸ்ட்ரிங்ஸை, கட்டிலும் அலமாரியும் உள்ள அறையில் பாடிய குரலுக்குப் பின்னால் வைத்தால் இரண்டும் இரண்டு ஊரில் இருப்பதுபோலக் கேட்கும். வியன்னா சிம்பொனிக் லைப்ரரியின் பழைய தொகுப்புகள் எதிரொலி மிகக் குறைந்த சைலண்ட் ஸ்டேஜில் பதிவானவை. அவற்றை எந்த அறையிலும் உட்காரவைக்கலாம், ஆனால் அறையை நீங்கள்தான் கட்ட வேண்டும். மண்டபத்தில் பதிவானவற்றில் வாத்தியத்துக்குப் பக்கத்தில் வைத்த குளோஸ் மைக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, குரலும் ஸ்ட்ரிங்ஸும் ஒரே ரிவெர்புக்கு (செயற்கை எதிரொலிக்கு) போகும்படி செய்வது நடுவழி. 2 செக்கன் அளவு நீளம், 20 முதல் 30 மில்லிசெக்கன் ப்ரீ-டிலே (எதிரொலி தொடங்கும் முன் வரும் இடைவெளி), ரிவெர்பில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு: இங்கிருந்து தொடங்கலாம்.

காசு

மாதச் சந்தா எல்லாவற்றையும் திறந்துவிடும். ஈஸ்ட்வெஸ்டின் கொம்போசர் கிளவுட் அப்படி. ஆனால் சந்தா டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. மாதம் 20 டொலர் என்றால் 4,000 ரூபாய் 7,200 ஆயிற்று. சந்தாவை நிறுத்தினால் பழைய பாட்டைத் திறக்கும்போது ஸ்ட்ரிங்ஸ் வாசிக்காது. சந்தாவில் இருப்பவர்கள் முடித்த ஒவ்வொரு பாட்டின் டிரெக்குகளையும் ஓடியோவாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை வாங்குவதானால் நவம்பர் கடைசி பிளாக் ஃப்ரைடே வரை பொறுங்கள், பெரும்பாலானவை அப்போது இறங்கும். மாணவர்களுக்குப் பல நிறுவனங்கள் தனித் தள்ளுபடி தருகின்றன. வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வாங்கும் நாளுக்கு முன்பே வங்கியில் கேட்டுவிடுங்கள்.

காசே இல்லையென்றால் டிஸ்கவரோடு வெர்ச்சுவல் பிளேயிங் ஒர்கெஸ்ட்ராவையும் சேருங்கள். ஸ்ஃபோர்சாண்டோ என்ற இலவசப் பிளேயரில் ஓடும். ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதும் சேர்ச் பாடகர் குழுக்காரருக்கும் மேலைத்தேய சங்கீதம் படிக்கும் மாணவருக்கும் மியூஸ்ஸ்கோர் 4உம் அதன் மியூஸ் சவுண்ட்ஸும் போதும். மேலே சொன்ன சி.சி. தொல்லை எதுவும் அங்கே இல்லை.

ஃபேஸ்புக்கில் "லைப்ரரி அக்கவுண்ட் விற்பனைக்கு" என்று வருவதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். பெரும்பாலான லைப்ரரி உரிமங்களை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. மாற்ற அனுமதிக்கும் சில நிறுவனங்களும் பழைய உரிமையாளர் தங்களுக்கே எழுதி, தங்கள் வழியாக மாற்ற வேண்டும் என்கின்றன. அந்தக் கடிதம் வந்த பிறகு காசைப் பற்றிப் பேசலாம்.